ஒரிஜினலா எந்த ஊருங்க நீங்க?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாயிடுச்சு.

போவன்பள்ளின்னு சொன்னா போதாது. "அது இப்ப இருக்கற ஊரு. ஒரிஜினலா?"ம்பாங்க. பொறந்ததும் இங்கதான், சிகந்திராபாத்துதான்னா, "அப்ப தெலுங்கா?"ம்பாங்க. இல்லீங்க, வீட்டுல தமிழ்தான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அண்மையில ஆரணியில அம்மா வழி சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த பெரியவர், சாம்பார் ஊத்தினதுல ஆரம்பிச்சு பாயசம் வர்ற வரைக்கும் இதே விசாரணைதான். கடைசியில, "என்ன சொன்னாலும் நீங்க கொல்டிதாம்பா"ன்னு முடிச்சுட்டுக் கை கழுவப் போயிட்டார். (தெலுங்கு பேசறவங்களைத் தமிழ்நாட்டுல கேலியா கொல்டிம்பாங்க.)

சரி, போவன்பள்ளியில எப்படி? நாலு தலைமுறையா நாங்க இருக்கற தெருவுக்குப் புதுசா குடி வந்தவங்க எங்கிட்டயே கேக்கறாங்க: "மீரு அரவோள்ளா?" (தெலுங்குல தமிழை அரவம்பாங்க. அன்பாவும் கேக்கலாம், குத்தலாவும் கேக்கலாம். குரல்லயே தெரிஞ்சுடும்.)

அங்க போனா கொல்டி. இங்க வந்தா அரவம்.

எரிச்சலாத்தான் இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு. ஆனா எங்க வீட்டுக் கதைக்கு முன்னாடி ஒரு கிரிக்கெட்காரர் கதை சொல்லணும். அவரைப் பத்தி யோசிச்சதுல இருந்துதான் எனக்கு இந்த விஷயமே தெளிவாச்சு.

2023 உலகக்கோப்பை ஞாபகம் இருக்கா? நெதர்லாந்து டீமோட முதல் ரெண்டு மேட்சும் எங்க ஊர்லதான், உப்பல் ஸ்டேடியத்துல. அக்டோபர் 6 பாகிஸ்தானோட, 9ம் தேதி நியூஸிலாந்தோட. ரெண்டுலயும் தோத்தாங்க. ஆனா பாகிஸ்தானை 286 ரன்னுக்கு ஆல் அவுட் ஆக்கிட்டுத்தான் தோத்தாங்க. பாஸ் டி லீடே நாலு விக்கெட் எடுத்துட்டு, பேட்டிங்ல 67 ரன்னும் அடிச்சார். நான் பாகிஸ்தான் மேட்சுக்குப் போயிருந்தேன்.

எனக்குப் பின் வரிசையில ஒரு கூட்டம். டச்சு டீமோட பேர்களைப் படிச்சுப் படிச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. விக்ரம்ஜித் சிங்காம். ஆர்யன் தத்தாம். தேஜா நிடமனூருவாம். "இதுல ஒரிஜினல் டச்சுக்காரன் எவன்டா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அங்கயும் அதே வார்த்தை.

ஆர்யன் தத் பொறந்ததே தி ஹேக் நகரத்துல. விக்ரம்ஜித் சின்னப் பையனா பஞ்சாப்ல இருந்து போனவர். தேஜா விஜயவாடாவுல பொறந்து, நியூஸிலாந்துல வளர்ந்து, அப்புறம் நெதர்லாந்துல வேலைக்குப் போய் செட்டில் ஆனவர். (அதே வருஷம் ஜூன்ல வெஸ்ட் இண்டீஸோட 374 ரன்னைத் துரத்தி மேட்சை டை பண்ணி, சூப்பர் ஓவர்ல ஜெயிச்சாங்களே, அதுல 111 அடிச்சது தேஜாதான். எங்க பக்கத்துத் தெலுங்கு வீடுகள்ல அன்னிக்கு ஒரே கொண்டாட்டம்.)

கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸ். அவர் கதையை வீட்டுக்கு வந்துதான் படிச்சேன். பொறந்தது டோங்கா தீவுல. வளர்ந்தது ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல. பாட்டி டச்சுக்காரங்க. அந்தப் பாட்டி வழியில கிடைச்ச உரிமையிலதான் நெதர்லாந்துக்கு ஆடப் போனார், 2022ல கேப்டனும் ஆனார்.

இப்ப இதை யோசிச்சுப் பாருங்க. அக்டோபர் 25, டெல்லி. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுது. மெல்போர்ன்ல வளர்ந்த எட்வர்ட்ஸ் டச்சு ஆரஞ்சு சட்டையில ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கறார். அவருக்கு முன்னாடி, அதே மெல்போர்ன்ல இருந்து வந்த மேக்ஸ்வெல் 40 பந்துல செஞ்சுரி அடிக்கறார். உலகக்கோப்பையிலேயே வேகமான செஞ்சுரி. நெதர்லாந்து 309 ரன் வித்தியாசத்துல தோத்துது. வளர்த்த ஊரு பாட்டி ஊரைப் போட்டுப் புரட்டி எடுக்குது, இந்த மனுஷன் நடுவுல நின்னு ஃபீல்டிங் செட் பண்ணிக்கிட்டு இருக்கார்!

அதுக்கு எட்டு நாள் முன்னாடி தரம்சாலாவுல இதே எட்வர்ட்ஸ் 78 நாட் அவுட் அடிச்சு தென் ஆப்பிரிக்காவைத் தோற்கடிச்சார். பாட்டி ஊருக்காக அவர் ஆடின ஆட்டத்துல பாதி மனசு எங்க தெரிஞ்சுது? முழு மனசோடதான் ஆடினார்.

(ஒரு சின்ன சந்தோஷம்: அந்த டீம் இந்தியா வர்றதுக்கு முன்னாடியே பயிற்சிக்கு நெட் பௌலர் வேணும்னு விளம்பரம் கொடுத்தாங்க. குவிஞ்ச வீடியோக்கள்ல இருந்து தேர்ந்தெடுத்த நாலு பேர்ல ஒருத்தர், சென்னையில வீடு வீடா சாப்பாடு டெலிவரி பண்ணிக்கிட்டு இருந்த ஒரு பையன்.)

எட்வர்ட்ஸ் மட்டும் இல்ல. டர்க் நேனஸைச் சென்னை ரசிகர்களுக்குத் தெரியும், 2013ல சிஎஸ்கேவுக்கு வந்த இடது கை வேகப்பந்து வீச்சாளர். மெல்போர்ன்காரர். அப்பா அம்மா டச்சு. 2009 ஜூன் 5ம் தேதி லார்ட்ஸ்ல நெதர்லாந்து கடைசிப் பந்துல இங்கிலாந்தை ஜெயிச்சதே, அந்த டீம்ல இருந்தார். மூணே மாசத்துக்குள்ள ஆஸ்திரேலியா சட்டையைப் போட்டுக்கிட்டார். அடுத்த வருஷ டி20 உலகக்கோப்பையில ஆஸ்திரேலியாவுக்காக 14 விக்கெட். வேற யாரும் அந்தத் தொடர்ல அத்தனை எடுக்கல. அவரைப் போய், "நீ நிஜமாவே எந்தப் பக்கம்?"னு கேட்டா என்ன அர்த்தம்? ரெண்டு பக்கமும் விக்கெட் எடுத்துக் கொடுத்திருக்காரே!

சரி, இவங்க கதை சுகமான கதை. டச்சும் ஆஸ்திரேலியாவும் கலந்து இன்னொரு கூட்டம் இருக்கு. அவங்க கதைதான் என்னை ரொம்ப நேரம் தூங்க விடல. இலங்கை பர்கர்கள்.

போர்ச்சுக்கீசியரை விரட்டிட்டு 1658ல அவங்க வசம் இருந்த இலங்கைக் கடற்கரைப் பகுதி டச்சுக் கம்பெனி கைக்கு வந்துது. (இலங்கைத் தமிழர்கள் ஒல்லாந்தர்னு சொல்வாங்க.) அந்தக் கம்பெனி ஆளுங்களும் இலங்கைப் பெண்களும் கல்யாணம் பண்ணி, அப்படி வளர்ந்த சமூகம் அது. ஆங்கிலேயர் வந்தப்புறம் இங்கிலீஷ்தான் வீட்டு மொழி. ரயில்வே, தபால், கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் இருந்தாங்க. கிறிஸ்துமஸுக்கு ப்ரூடர்ங்கற ஈஸ்ட் போட்ட டச்சு கேக். விருந்துன்னா லம்ப்ரைஸ்.

லம்ப்ரைஸைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன், சாப்பாட்டைத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. இறைச்சிச் சாற்றுல வேகவெச்ச சோறு. அதுக்குப் பக்கத்துல இறைச்சிக் கறி, கத்திரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், இறால் கருவாட்டுச் சம்பல், ஃப்ரிக்கடெல்ங்கற டச்சு இறைச்சி உருண்டை. எல்லாத்தையும் வாட்டின வாழையிலையில வெச்சுப் பொட்டலமா மடிச்சு அவன்ல சூடு பண்ணுவாங்க. பிரிச்சதும் இலை வாசனையோட ஆவி முகத்துல அடிக்கும். அந்த உருண்டை ஐரோப்பாவுல இருந்து வந்தது, மோஜு இலங்கைக் கைமணம். எது ஒரிஜினல்னு பிரிச்சு எடுத்து வெச்சா, அப்புறம் அது லம்ப்ரைஸே இல்ல.

1956ல சிங்களம் மட்டுமே ஆட்சிமொழின்னு சட்டம் வந்துது. தமிழர்களை அது என்ன பண்ணிச்சுன்னு நமக்குத் தெரியும். இங்கிலீஷை நம்பி வாழ்ந்த பர்கர்களையும் அது பிடுங்கிப் போட்டுது. கூட்டம் கூட்டமாக் கிளம்பினாங்க. நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கு, அதுலயும் மெல்போர்னுக்கு.

ஆனா அப்ப ஆஸ்திரேலியாவுல வெள்ளையர் மட்டும்ங்கற குடியேற்றக் கொள்கை. உள்ள வரணும்னா உன் உடம்புல ஐரோப்பிய ரத்தம்தான் அதிகம்னு நிரூபிக்கணும். கொழும்புல 1908லயே தொடங்கின டச்சு பர்கர் யூனியன், குடும்பங்களோட வம்சாவளிகளை எழுதி வெச்சிருந்துது. பெருமைக்காகத் தொகுத்த அந்த வம்சாவளிதான் அப்ப ஆதாரம். காகிதம் சரியா இருந்தாலும் போதாது, அதிகாரி ஆளைப் பாத்து நிறத்தையும் எடை போடுவார்.

அதே காலத்துல, 1951ல, ஆஸ்திரேலியா நெதர்லாந்தோட ஒப்பந்தம் போட்டு, டச்சுக்காரங்களுக்குக் கப்பல் செலவுல உதவி பண்ணி வரவேத்துக்கிட்டு இருந்துது. ஒரே டச்சு மூதாதை. ஒருத்தருக்கு வரவேற்பு, இன்னொருத்தருக்கு விசாரணை.

"ஒரிஜினலா நீ யாரு?"ங்கற கேள்வியை ஒரு அரசாங்கமே ஃபார்ம் அடிச்சுக் கேட்டா எப்படி இருக்கும்னு அப்பதான் புரிஞ்சுது. பந்தியில கேக்கற பெரியவர் விகல்பமில்லாமத்தான் கேக்கறார், தெரியும். ஆனா அந்தக் கேள்வியோட வேர் இங்கதான் இருக்கு. ஒரு மனுஷனைப் பிரிச்சு, இது கலப்பில்லாதது, இது கலப்படம்னு தரம் போடற புத்தி. அது எந்த ரூபத்துல வந்தாலும் எனக்கு ஒப்புதல் இல்ல.

அந்தக் கொள்கையை 1973ல முழுசா எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 1962ல, கொழும்புல இருந்து ஒரு குடும்பம் மெல்போர்ன் போச்சு. அந்த வீட்டுப் பையன் டேவ் வாட்மோர். வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு ஏழு டெஸ்ட் ஆடினார். அப்புறம் பொறந்த ஊருக்கே கோச்சாத் திரும்பி வந்தார். 1996 மார்ச் 17, லாகூர். இலங்கை உலகக்கோப்பையை ஜெயிச்சுது. எதிர்ல தோத்து நின்னது ஆஸ்திரேலியா.

இந்த மனுஷனை ஒரு கட்டத்துக்குள்ள அடைங்க பாப்போம்!

இப்ப எங்க வீட்டுக்கு வரேன்.

சிகந்திராபாத்தே பட்டாளம் உண்டாக்கின ஊரு. 1798ல நிஜாமோட ஒப்பந்தம் போட்ட இங்கிலீஷ் கம்பெனிக்காரன் இங்க படையைக் கொண்டுவந்து நிறுத்தினான். 1806ல மூணாவது நிஜாம் சிக்கந்தர் ஜா பேருல சிகந்திராபாத்னு ஆச்சு. வந்த படை மதராஸ் படை. அதோட பின்னாடியே ஆற்காடு, வேலூர், செங்கல்பட்டுப் பக்கத்துல இருந்து சிப்பாய்ங்க, கணக்கர்கள், சரக்கு சப்ளை பண்ற காண்ட்ராக்டர்கள்னு நம்ம ஆளுங்க. பொல்லாரம், திருமலகிரி, மாரேட்பள்ளி, போவன்பள்ளின்னு கண்டோன்மென்ட் முழுக்கப் பரவினாங்க. இங்க இருக்கற பத்மாராவ் நகர், பத்மாராவ் முதலியார் பேருல அமைஞ்சது. 1862ல சோமசுந்தரம் முதலியார் தொடங்கின பள்ளிக்கூடம்தான் பின்னாடி மஹபூப் காலேஜ். சிகாகோ போறதுக்கு முன்னாடி, 1893 பிப்ரவரியில, விவேகானந்தர் பேசினது அந்த காலேஜ்லதான். சிகந்திராபாத்ல தமிழனுக்கு என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு இதையெல்லாம் சொல்லணும்.

எங்க நைனாவோட தாத்தா வட ஆற்காட்டுல இருந்து வந்தவர். பட்டாளத்துக்கு மாட்டுத் தீவனம் சப்ளை பண்ற ஒருத்தர்கிட்ட கணக்கெழுத வந்தார். வந்தவர் திரும்பல.

எனக்கு ஸ்கூல்ல தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். தமிழ் இல்ல. ஆயாதான் (எங்க பக்கம் பாட்டியை ஆயாம்போம்) தமிழ் கத்துக்கொடுத்தாங்க. ஸ்டேஷன் கடையில நைனா வாங்கிட்டு வர்ற குமுதம்தான் பாடப்புத்தகம். தெலுங்கு எழுத்து முதல்ல கத்துக்கிட்டதால, தமிழ்ல ஒரே 'க'வை நாலு விதமாப் படிக்கணும்ங்கறது எனக்கு அநியாயமாப் பட்டுது. எழுதிப் பாப்பேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். ஆயா ஜோக்கை மட்டும் படிக்கச் சொல்வாங்க. சிரிச்சா புரிஞ்சுது, சிரிக்கலைன்னா இன்னொரு தடவை படி. இதைவிட நல்ல பரீட்சை எந்த ஸ்கூல்லயும் நான் எழுதினதில்ல.

ஆடி மாசம் வந்தா எங்க வீட்டைப் பாக்கணும்.

ஆயா முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைச்சுப் புளிக்க வெச்சிடுவாங்க. மறுநாள் நொய்யைப் போட்டுக் கூழ் காய்ச்சி, தயிர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, முருங்கைக்கீரைப் பொரியலோட மாரியம்மனுக்குப் படையல். தெருவுல யார் வந்தாலும் ஒரு சொம்பு கூழ். அதே சமயத்துல ஊர் முழுக்க போனாலு திருவிழா. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே ஆயா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, உள்ள பாலும் வெல்லமும் சேர்த்த சோத்தை நிரப்பி, சுத்தி வேப்பிலை கட்டி, மேல விளக்கேத்தி, அந்த போனத்தைத் தலையில வெச்சுக்கிட்டு நடப்பாங்க. முன்னாடி போத்துராஜு வேஷம் கட்டினவர் சாட்டையைச் சுழட்டிக்கிட்டு ஆடுவார். தப்பட்டை சத்தத்துல காது அடைக்கும். ஆயாவோட ஒரு கை குடத்தைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கை என்னை. கழுத்து ஒரு நூல் அசையாது. பக்கத்துல வர்ற தெலுங்கு அத்தைகிட்ட தெலுங்குல கதை பேசிக்கிட்டே வருவாங்க, நான் பின்தங்கினா தமிழ்ல அதட்டுவாங்க.

உஜ்ஜயினி மகாகாளி கோயில் கதை தெரியுமா? 1813ல இங்கிருந்து உஜ்ஜயினிக்குப் போன படையில டோலி தூக்கற சூரிட்டி அப்பய்யா இருந்தார். இங்க காலரான்னு கேள்விப்பட்டு, அங்க மகாகாளிகிட்ட வேண்டிக்கிட்டார். 1815ல திரும்பி வந்து மரத்துல சிலை செஞ்சு இங்க வெச்சார்னு கோயில் வரலாறு சொல்லுது. அந்த அம்மன்தான் இன்னிக்கு சிகந்திராபாத்துக்கே தாய். அம்மனை யாரும் ஒரிஜினலா எந்த ஊருன்னு கேக்கறதில்ல.

யுகாதிக்கு வேப்பம்பூவும் புது வெல்லமும் போட்ட யுகாதிப் பச்சடி. நாலு வாரத்துக்குள்ள சித்திரை ஒண்ணு, மறுபடியும் வேப்பம்பூ, மறுபடியும் மாங்காய்ப் பச்சடி. ரெண்டு வருஷப் பிறப்பும் எங்களுக்கு உண்டு. ஞாயித்துக்கிழமைல பகாரா சோறு, கூட கட்டி தால், ஓரமா அம்மா ஆரணியில இருந்து கத்துக்கிட்டு வந்த கருவாட்டுக் குழம்பு. தட்டுல எதுவும் சண்டை போட்டதில்ல.

தமிழ்நாட்டுல இருக்கற சொந்தக்காரங்க சில பேர், "பாவம், ரெண்டுங்கெட்டானா வளந்துட்டீங்க"ம்பாங்க. இதை நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு வீட்டுல வளர்ந்தவனுக்குப் பாதிப் பாதி கிடைக்குதுன்னு நினைக்கறதுதான் தப்பு. எனக்கு ரெண்டும் முழுசாக் கிடைச்சிருக்கு. சில நாள் பாரமாவும் இருக்கும், மறைக்கல. ஆந்திராவுல இருந்து தெலங்கானா பிரிஞ்ச சமயத்துல, "நீங்க எந்தப் பக்கம்?"னு கேட்டப்ப எங்க நைனா ரொம்ப அமைதியாயிட்டார். அவர் பொறந்த ஊருலயே அவரை விருந்தாளி மாதிரி பேச வெச்சது எனக்கு இன்னும் வலிக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். டச்சுக்காரங்க ஏதோ தூர தேசத்து ஆளுங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா, 1606லயே கோல்கொண்டா சுல்தான் ஆட்சியில இருந்த மசூலிப்பட்டினத்துல கிடங்கு போட்டிருக்காங்க. நம்ம கம்மம் மாவட்டத்து நாகுலவஞ்சாவுலயும் துணி வியாபாரம் பண்ணியிருக்காங்க. பழவேற்காட்டுல 1613ல கோட்டை கட்டியிருக்காங்க. சென்னைக்குப் போற சமயத்துல ஒரு தடவை பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குப் போனேன். வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நிக்குது. உள்ள கல்லறைக் கற்கள்ல அவ்வளவு நுணுக்கமா எழுத்தும் சின்னமும் செதுக்கியிருக்காங்க. பக்கத்துலயே நம்ம மீனவர் வீட்டுப் பிள்ளைங்க விளையாடிக்கிட்டு இருந்தாங்க. கலந்து வாழ்ந்தது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல.

சரி, இனிமே அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். "போவன்பள்ளிங்க. எங்க வீட்டுல தமிழ் பேசுவோம், போனமும் எடுப்போம்." அவ்வளவுதான். மேல கேட்டா, கூழ் குடிக்க வீட்டுக்குக் கூப்பிடுவேன்.

ஒரு வேண்டுகோள். பர்கர்கள் தங்க வம்சாவளியை எழுதி வெச்சிருந்தாங்க. எங்க கண்டோன்மென்ட் தமிழ்க் குடும்பங்கள்ல அப்படி எழுதி வெச்சவங்க ரொம்பக் குறைவு. ஆயா போனப்ப அவங்களுக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் அவங்களோடயே போயிடுச்சு. உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காருங்க. எந்த கிராமத்துல இருந்து வந்தாங்க, எந்தப் படையோட, முதல்ல எந்தத் தெருவுல குடியிருந்தாங்க, பக்கத்து வீட்டுல யாரு, ஆடிக்கு என்ன சமைச்சாங்க, எல்லாத்தையும் கேட்டு எழுதுங்க. பொல்லாரம், திருமலகிரி, மாரேட்பள்ளி, போவன்பள்ளி ஆளுங்கன்னா எனக்கும் ஒரு நகல் அனுப்புங்க. எங்க வீட்டுக் கதையை நான் எழுத ஆரம்பிச்சுட்டேன்.